எண்ணாக மாறிய முகவரி ஜிசியின் கண்ணில் படாது: எடைமேடை மென்பொருளில் கற்றவை

வாளையார், கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழக-கேரள எல்லையோரம் எங்கே எடைமேடை போட்டாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட் செல்கள், அவற்றை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸ், அறைக்குள் எடையைக் காட்டும் இண்டிகேட்டர், அங்கிருந்து ஆர்எஸ்-232 கேபிள் வழியாகக் கணினி. இண்டிகேட்டரோடு பேசும் லைப்ரரி சி மொழியில் இருக்கும். மொத்த எடை, காலி வண்டி எடை, நிகர எடை, பில், மாதக் கணக்கு எல்லாம் கோ மொழியிலோ சி ஷார்ப்பிலோ எழுதியிருப்பார்கள். இரண்டும் சந்திக்கும் நூறு, இருநூறு வரிகளில்தான் பாயிண்டரை, அதாவது நினைவகத்தில் ஒரு பொருள் இருக்கும் முகவரியை, எண்ணாக்குவதும் எண்ணைத் திரும்பப் பாயிண்டராக்குவதும் நடக்கிறது. தப்பு அங்கே இருக்கும்; புரோகிராம் விழுவது பில் அடிக்கும் இடத்திலோ ரிப்போர்ட்டிலோ இருக்கும். அதனால்தான் இந்த வகைப் பிழையைத் தேடுவது இவ்வளவு தலைவலி.

கோ மொழியில் முகவரியைப் பிடித்துவைக்க மூன்று வகை உண்டு. சாதாரண பாயிண்டர், அன்சேஃப் பாயிண்டர், யூஇன்ட்பிடிஆர். முதல் இரண்டையும் ஜிசி (யாரும் பயன்படுத்தாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்பான்) பாயிண்டர் என்றே எண்ணிப் பின்தொடரும். மூன்றாவது வெறும் முழு எண். ஒரு முகவரி கொள்ளும் அளவுக்கு அகலமானது, அவ்வளவுதான். துண்டுச் சீட்டில் எழுதிய கதவு எண் மாதிரி அது. குடியிருப்பவர் காலி செய்தாலும் சீட்டு மாறாது, சீட்டு இருக்கிறதே என்று வீட்டுக்காரர் யாரையும் குடிவைத்திருக்கவும் மாட்டார். ஆக, யூஇன்ட்பிடிஆரில் மட்டும் முகவரி இருந்தால் ஜிசி அந்தப் பொருளைக் காப்பாற்றாது. பொருள் இடம் மாறினால் எண்ணைத் திருத்தவும் செய்யாது.

2014இல் வந்த கோ 1.3 முதலே இந்த விதி கறாராகிவிட்டது. பாயிண்டர் வகையில் இருப்பது பாயிண்டர்தான், மற்றதில் இருப்பது பாயிண்டர் இல்லை என்று ரன்டைம் (புரோகிராமோடு சேர்ந்தே ஓடும் கோவின் அடிப்படைக் கோட்) அப்போதிலிருந்து நம்பிக்கொள்கிறது. பாயிண்டர் வகையில் எண்ணை ஒளித்துவைப்பதும் குற்றம், எண்ணில் பாயிண்டரை ஒளித்துவைப்பதும் குற்றம். முதலாவதை ரன்டைம் கண்டுபிடித்து நிறுத்திவிடும். இரண்டாவது பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடும்.

ஒரு சின்னக் கைவைத்தியம்: 64 பிட் லினக்ஸில் கோவின் ஹீப் (பொருள்களுக்கு இடம் ஒதுக்கும் நினைவகப் பகுதி) வழக்கமாகப் பதினாறடி எண்ணில் சி என்ற எழுத்தில் தொடங்கி ஒன்பது பூஜ்யம் வரும் முகவரியிலிருந்து ஆரம்பிக்கும். பத்தடி எண்ணில் அது 824633720832. ஆகவே லாக்கிலோ எடைப் புலத்திலோ 8246, 8247 என்று தொடங்கும் 12 இலக்க எண் தென்பட்டால் லோட் செல்லைச் சந்தேகப்பட வேண்டாம். யாரோ முகவரியை எண்ணாக்கித் தப்பான இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

கால்பேக் என்னும் பொறி

இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கிற பிழை இது. சி லைப்ரரியில் பதிவு செய்யும் ஃபங்க்ஷன் ஒன்று இருக்கும்: புது எடை வந்ததும் எந்த ஃபங்க்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பதையும், கூடவே ஒரு வாய்ட் பாயிண்டரையும் வாங்கிக்கொள்ளும். அந்தப் பாயிண்டரை லைப்ரரி தொடாமல் வைத்திருந்து, ஒவ்வொரு கால்பேக்கிலும் நம்மிடம் திருப்பிக் கொடுக்கும். எந்த மேடையின் எடை இது என்று தெரிந்துகொள்ள நாம் மேடையின் விவரங்களை ஒன்றாக வைத்திருக்கும் ஸ்ட்ரக்டின் முகவரியை அதில் கொடுப்போம்.

ஸ்ட்ரக்டுக்குள் மேடையின் பெயர் ஸ்ட்ரிங்காக இருக்கிறது, கடைசி அளவுகள் ஸ்லைஸாக இருக்கின்றன. அதாவது உள்ளே வேறு கோ பாயிண்டர்கள். இதை நேராகக் கொடுத்தால், கோ பாயிண்டருக்குள் இன்னொரு கோ பாயிண்டர் இருக்கிறது என்று, கோவையும் சி-யையும் இணைக்கும் சிகோ உடனே பானிக் ஆகும், அதாவது பிழை சொல்லி நிறுத்தும். அது நல்ல செய்தி. மேற்கொண்டு போகாதே என்கிறது. ஆனால் அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? முகவரியை யூஇன்ட்பிடிஆர் ஆக்கி, எண் என்று சொல்லி அனுப்பிவிடுவார். பானிக் நின்றுவிடும். "ஓடுதுங்ண்ணா" என்று கோவைப் பக்கத்துப் பையன் சொல்வான், "ஓகே சேட்டா" என்று பாலக்காட்டுப் பையன் மெர்ஜ் பண்ணிவிடுவான். எச்சரிக்கை மணியின் ஒயரை அறுத்ததுதான் நடந்திருக்கிறது.

அதன்பின் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். மேடை ஸ்ட்ரக்டைக் கோ பக்கத்தில் வேறு யாரும் பிடித்திருக்கவில்லை என்றால், அடுத்த ஜிசி சுற்றில் அது குப்பை. அந்த இடம் உடனே அழியாது. கோவின் ஹீப் அளவு வகைகளாகப் பிரிந்தது: 8, 16, 24, 32, 48, 64, 80 பைட் என்று போகும். 80 பைட் வகையில் இருந்த ஸ்ட்ரக்டின் இடத்தில் அடுத்து வருவதும் அதே வகைப் பொருள்தான். பாயிண்டர் உள்ளவையும் இல்லாதவையும் தனித்தனி இடத்தில் இருப்பதால் வந்து உட்கார்வதும் ஒத்த சாயலில் இருக்கும். அதனால் படிக்கிற தரவு அபத்தமாகத் தெரியாது, நம்பும்படியாகவே இருக்கும். ஒரு மேடையின் எடை இன்னொன்றின் கணக்கில் ஏறும். இன்னும் மோசம், பழைய முகவரியில் எடையை எழுதினால், புதிதாக வந்த பொருளின் பாயிண்டர் புலத்தில் 18,460 என்று ஒரு எண் விழும். பில் அடிக்கும் கோட் அந்தப் பாயிண்டர் வழியாகப் படிக்கப் போகும்போது புரோகிராம் விழும். விழுந்த இடத்தைக் காட்டும் ஸ்டாக் டிரேஸில் எடைமேடைக் கோடின் பெயரே இருக்காது. கோ ஹீப்பில் கெட்ட பாயிண்டர் இருக்கிறது, அன்சேஃப் அல்லது சிகோவைத் தவறாகப் பயன்படுத்தினீர்களா என்ற கேள்வியோடு ரன்டைம் நின்றால், தப்பித்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது எங்கே தேட வேண்டும் என்று தெரிகிறது.

மேசையில் வைத்துச் சோதிக்கும்போது ஏன் இது வராது? ஜிசி ஓடுவதே இல்லை என்பதால். ஜிசி எவ்வளவு அடிக்கடி ஓட வேண்டும் என்று சொல்லும் ஜிசி அளவு (GOGC) வழக்கமான 100இல் இருந்தால், ஹீப் 4 எம்பி எட்டும்வரை முதல் சுற்று தொடங்காது. அதற்கு முன் கட்டாயச் சுற்று வேண்டுமானால் 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு லாரியை ஏற்றி இறக்கி, 40 நொடியில் முடியும் டெஸ்ட் எத்தனை முறை ஓடினாலும் பச்சைதான் காட்டும். ஓணத்துக்கு முந்தைய வாரம் ராத்திரி முழுக்கக் காய்கறி லாரிகள் வரிசை கட்டும்போதுதான் ஹீப் நிரம்பும், ஜிசி திரும்பத் திரும்ப ஓடும்.

சரியான வழி, சி பக்கம் முகவரியையே அனுப்பாமல் இருப்பது. கோ 1.17இல் வந்த சிகோ ஹேண்டில் இதற்கென்றே இருக்கிறது. மேடையின் பாயிண்டரை ஹேண்டிலிடம் கொடுத்தால் அது ஒரு வரிசை எண்ணைத் தரும். உள்ளே ஒரு அட்டவணையில் மேடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எண்ணைச் சி-யிடம் கொடுங்கள். கால்பேக்கில் எண் திரும்பி வந்ததும் அதை வைத்து மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். லைப்ரரியில் பதிவை நீக்கி, இனி கால்பேக் வராது என்று உறுதியான பிறகே ஹேண்டிலை டெலீட் செய்யுங்கள். முதலில் டெலீட் செய்துவிட்டுப் பிறகு பதிவை நீக்கினால், நடுவே வருகிற ஒரு கால்பேக் செல்லாத ஹேண்டில் என்று பானிக் ஆகும். டெலீட்டே செய்யாவிட்டால், போர்ட் அறுந்து மறுபடி இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு மேடை ஸ்ட்ரக்ட் நினைவகத்தில் தங்கிவிடும்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. லைப்ரரி வாய்ட் பாயிண்டர் கேட்கிறதே என்று ஹேண்டில் எண்ணைக் கோ பக்கத்திலேயே அன்சேஃப் பாயிண்டராக மாற்றக் கூடாது. ஹேண்டில் எண்கள் 1, 2, 3 என்று சின்னதாக இருக்கும். 4096க்குக் கீழான மதிப்பு பாயிண்டர் வகை மாறியில் கிடந்து, அந்நேரம் ஸ்டாக் (ஃபங்க்ஷன்களின் உள்மாறிகள் இருக்கும் இடம்) மாற்றப்பட்டால், ஸ்டாக்கில் செல்லாத பாயிண்டர் என்று ரன்டைம் புரோகிராமை நிறுத்திவிடும். மூன்று வரியில் ஒரு சி உறை ஃபங்க்ஷன் எழுதுங்கள். அது யூஇன்ட்பிடிஆர்_டி வகையில் எண்ணை வாங்கி, சி-க்குள்ளேயே வாய்ட் பாயிண்டராக மாற்றி லைப்ரரியிடம் கொடுக்கட்டும். வரும் வழியிலும் அதேபோல் இன்னொரு உறை. ஹேண்டில் மாறியின் முகவரியைக் கொடுக்கும் முறையும் உண்டு, ஆனால் அழைப்பு முடிந்ததும் சி அதை மறந்துவிடும் என்றால் மட்டும்தான் அது சரி. நம் லைப்ரரி மறக்காது.

ஒரு பஃபரையே சி நீண்ட நேரம் நேரடியாக எழுத வேண்டும் என்றால், கோ 1.21 முதல் ரன்டைம் பொதியில் உள்ள வசதியால் அந்தப் பொருளைப் பின் செய்து, அதாவது நகராமலும் விடுவிக்கப்படாமலும், நிறுத்தலாம். எளிய மாற்று, பஃபரை ஜிசி தொடாத சி-யின் நினைவகத்தில், மாலாக் மூலம் எடுப்பது. எடைமேடை ஃபிரேம் இருபது பைட்டைத் தாண்டுவது அபூர்வம். அதைக் காப்பி பண்ணுகிற செலவைப் பற்றிப் பேசுவதே வீண்.

"கோ ஹீப்தான் நகராதே"

இந்த வாதம் ரிவியூவில் தவறாமல் வரும். இன்றைய கோவின் ஹீப் பொருள்களை நகர்த்துவதில்லை என்பது உண்மை. ஆனால் ஸ்டாக் நகரும். ஒரு கோருட்டீனின் (கோவில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளில் ஒன்றின்) ஸ்டாக் பொதுவாக 2 கேபியில் தொடங்குகிறது. போதாதபோது இரு மடங்கு இடம் எடுத்து மொத்தமாகக் காப்பி ஆகிறது. காப்பி ஆகும்போது ஸ்டாக்குக்குள் காட்டும் பாயிண்டர்களை ரன்டைம் திருத்தும், யூஇன்ட்பிடிஆர்களைத் தொடாது. ஜிசி நேரத்தில் ஸ்டாக் சுருங்கும்போதும் இதே கதை.

உள்மாறியின் முகவரியை எண்ணாக்கினால் அது ஹீப்புக்குப் போய்விடும் என்று நம்புபவர்கள் உண்டு. போகாது. மாறி ஸ்டாக்கிலா ஹீப்பிலா என்று முடிவு செய்யும் கம்பைலரின் எஸ்கேப் ஆய்வு யூஇன்ட்பிடிஆர் வரைக்கும் பின்தொடர்வதில்லை. மாறி ஸ்டாக்கிலேயே இருக்கும். எண்ணாக்கிய வரிக்கும் திரும்பப் பாயிண்டராக்கும் வரிக்கும் நடுவே ஒரு லாக் பிரிண்ட் இருந்தால் போதும்: அந்த அழைப்பில் ஸ்டாக் வளர்ந்திருக்கலாம். லாக் வரியைச் சேர்த்தால் பிழை வருகிறது, எடுத்தால் போய்விடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இதனால்தான் முகவரிக் கணக்கு ஒரே எக்ஸ்பிரஷனில் முடிய வேண்டும் என்கிறது அன்சேஃப் பொதியின் விதி. பாயிண்டரை எண்ணாக்குவது, ஆஃப்செட்டைக் கூட்டுவது, திரும்பப் பாயிண்டராக்குவது மூன்றும் ஒரே எக்ஸ்பிரஷனுக்குள். எண்ணை நடுவில் ஒரு மாறியில் இறக்கிவைத்தால் கம்பைலர் கம்பைல் பண்ணும், ஆனால் உத்தரவாதம் போய்விட்டது. கோ 1.17 முதல் அன்சேஃப் ஆட், அன்சேஃப் ஸ்லைஸ் இரண்டும் இருக்கையில் யூஇன்ட்பிடிஆர் வழியாகச் சுற்றிப்போகக் காரணமே இல்லை. கணக்கின் விடையும் அதே பொருளுக்குள்தான் இருக்க வேண்டும். சி-யில் வரிசையின் முடிவுக்கு அடுத்த இடத்தைக் காட்டும் பாயிண்டர் வைப்பது பழக்கம். கோவில் அது தப்பு. அந்த முகவரி பக்கத்துப் பொருளுடையதாக இருக்கலாம், அதை ஜிசி வீணாக உயிரோடு வைத்திருக்கும். அல்லது காலி இடமாக இருந்து ரன்டைம் விழும்.

இயங்குதளத்தை நேரடியாகக் கூப்பிடும் சிஸ்டம் கால் ஒரு விதிவிலக்கு. அங்கே பாயிண்டரை யூஇன்ட்பிடிஆராகத்தான் கொடுக்க முடியும். மாற்றம் அழைப்பின் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், அழைப்பு முடியும்வரை கம்பைலர் பொருளைப் பிடித்துவைக்கும். முந்தைய வரியில் மாறியில் போட்டுக் கொடுத்தால் பிடிக்காது. அழகுக்காக ஒரு வரியை இரண்டாகப் பிரிப்பது நல்ல கோடைக் கெட்ட கோடாக்கும் அபூர்வ இடம் இது. அங்கே கமென்ட் எழுதிவையுங்கள். விண்டோஸில் சீரியல் போர்ட்டை ஓவர்லேப்டு முறையில் படிப்பவர்களுக்கு இதுவும் போதாது. அழைப்பு திரும்பி வந்த பிறகுதான் கெர்னல் பஃபரில் எழுதும். பஃபரும் ஓவர்லேப்டு ஸ்ட்ரக்டும் வேலை முடிந்தது என்று தெரியும்வரை பின் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

கூடவே ஒன்று. மாறி ஃபங்க்ஷனின் முடிவுவரை உயிரோடிருக்கும் என்று கோவில் நினைக்கக் கூடாது. கடைசியாகப் பயன்பட்ட வரியோடு அது செத்தது. போர்ட் ஆப்ஜெக்டில் ஃபைனலைசர் (பொருளை ஜிசி எடுக்கும்போது ஓடும் ஃபங்க்ஷன்) வைத்து அதில் போர்ட்டை மூடுகிறீர்கள், வெளியே எடுத்த ஃபைல் எண்ணை மட்டும் வைத்துப் படிக்கிறீர்கள் என்றால், படித்துக்கொண்டிருக்கும்போதே போர்ட் மூடப்படலாம். படித்து முடித்த வரிக்கு அடுத்து கீப்அலைவ் அழைப்பு வேண்டும். முன்னால் போட்டால் பயனில்லை.

பெயர் மாறும் பில்

எண்ணாக மாற்றாமலே பாயிண்டர் மாற்றத்தால் வரும் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லையோர பில்லில் இது கண்ணுக்கே தெரியும். பைட் ஸ்லைஸைக் காப்பி பண்ணாமல் ஸ்ட்ரிங் ஆக்கும் வித்தை. ஸ்ட்ரிங் மாறாது என்று மொழி முழுவதும் நம்புகிறது. நாம் அதன் அடியிலிருக்கும் பஃபரை அடுத்த வாடிக்கையாளர் பெயரைப் படிக்கத் திரும்பப் பயன்படுத்துகிறோம். முந்தைய பில் அச்சுக்குக் காத்திருக்கிறது. அதில் பெயர் மாறிவிடும்.

தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரு குறியீடு யூடிஎஃப்-8இல் 3 பைட். உகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் "முருகன்" என்பது 7 குறியீடு, 21 பைட். அந்த பஃபரில் அடுத்து ஆங்கில எழுத்தில் 7 பைட் பெயர் வந்து விழுந்தால் முதல் இரண்டு குறியீடு முழுதும் மூன்றாவதில் ஒரு பைட்டும் அழியும். பில்லில் ஆங்கிலப் பெயர், அதையடுத்து கேள்விக்குறி வைத்த கறுப்புக் கட்டம் ஒன்றிரண்டு, பிறகு புள்ளிவட்டம் சகிதம் "ுகன்" என்று தொங்கும். ஃபான்ட் சரியில்லை, பிரிண்டர் டிரைவர் சரியில்லை என்று வருடக்கணக்கில் பழி போடலாம். அந்த ஸ்ட்ரிங் மேப்பின் சாவியாக இருந்தால் இன்னும் விசேஷம்: பழைய ஹாஷில் உட்கார்ந்திருக்கும், புதிய பெயரில் தேடினாலும் கிடைக்காது, பழைய பெயரில் தேடினாலும் கிடைக்காது, மேப்பைச் சுற்றிவந்தால் மட்டும் தெரியும். சாதாரண ஸ்ட்ரிங் மாற்றத்தையே பயன்படுத்துங்கள். நாளைக்கு ஐநூறு பில் போடும் இடத்தில் நானோசெகண்டு சேமிக்க வேண்டியதில்லை.

சி ஷார்ப்பிலும் பைத்தானிலும்

சி ஷார்ப் ஓடும் டாட்நெட்டின் ஜிசி ஹீப் பொருள்களையே நகர்த்தும். பொருளை நகராமல் பிடிக்கும் ஃபிக்ஸ்டு தொகுதிக்குள் எடுத்த முகவரியை இன்ட்பிடிஆராக வெளியே கொண்டுவந்தால், பொருள்களை நெருக்கி அடுக்கும் அடுத்த சுருக்கத்தில் அது பழையது. இங்கே ஏமாற்றுவது அளவு. 85,000 பைட்டும் அதற்கு மேலும் உள்ள அரேக்கள் பெரிய பொருள் ஹீப்புக்குப் போகும். அது வழக்கமாகச் சுருக்கப்படுவதில்லை. நம்பர் பிளேட் கேமராவுக்கு 1,00,000 பைட் பஃபர் வைத்து எழுதிய தப்பான கோட் மாதக்கணக்கில் ஓடும். யாராவது நினைவகம் மிச்சம் என்று 64,000 ஆக்கினால் படம் உடையத் தொடங்கும். நீண்ட நாள் இருக்கும் பஃபர் என்றால், டாட்நெட் 5 முதல் பின் செய்யப்பட்ட அரேயாகவே கேட்டு வாங்கலாம். நேட்டிவ் லைப்ரரிக்குக் கால்பேக்காகக் கொடுத்த டெலிகேட்டை ஸ்டேடிக் ஃபீல்டில் வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் டெலிகேட்டையே ஜிசி எடுத்துவிடும்.

சி லைப்ரரியைக் கூப்பிட உதவும் பைத்தானின் சிடைப்ஸில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கால்பேக் ஆப்ஜெக்டை எங்காவது பிடித்துவைக்க வேண்டும் என்பது அங்கேயும் உண்டு. மற்றது, ஃபங்க்ஷன் திருப்பித் தரும் வகையைச் சொல்லாவிட்டால் சி இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியின் மேல்பாதி வெட்டுப்படும். முகவரி சின்னதாக இருக்கும் கணினியில் ஓடி, மற்றதில் விழும்.

சோதனைக்கு

கோடைப் படித்துப் பிழை சொல்லும் கோ வெட் கட்டாயம். அன்சேஃப் பாயிண்டர் தவறாகப் பயன்பட்டிருக்கலாம் என்று அது சொன்னால் விவாதிக்க வேண்டாம், திருத்துங்கள். அடுத்து, ஒரே நினைவகத்தை இரு கோருட்டீன்கள் மோதிக்கொள்வதைக் காட்டும் ரேஸ் கொடியோடு டெஸ்ட். கோ 1.14 முதல் அந்தக் கொடி பாயிண்டர் மாற்றச் சோதனையையும் சேர்த்தே இயக்கும். நினைவகம் 5 முதல் 10 மடங்கு, நேரம் 2 முதல் 20 மடங்கு ஆகும் என்பதால் மேடையில் நிறுவும் பைனரிக்கு வேண்டாம். 32 பிட் ராஸ்பெரி பையில் ரேஸ் கிடையாது. அங்கே பாயிண்டர் மாற்றச் சோதனைக்கான செக்பிடிஆர் கொடியை மட்டும் தனியாகக் கம்பைலருக்குக் கொடுக்கலாம்.

சி வழியாகப் போய்வரும் எண்ணை இந்தக் கருவிகள் எதுவும் பார்க்காது. அதற்கு ஜிசியைத்தான் பைத்தியமாக்க வேண்டும். ஜிசி அளவை 1 ஆக வையுங்கள். கால்பேக்கின் முதல் வரியில் ஜிசியை நேரடியாகக் கூப்பிடுங்கள். கோடிபக் (GODEBUG) சூழல் மாறியில் கிளாபர்ஃப்ரீ 1 என்று கொடுங்கள். விடுவித்த இடத்தை ரன்டைம் உடனே குப்பை மதிப்பால் நிரப்பும்; நம்பும்படியான பொய் எடைக்குப் பதில் அபத்தமான எண் வரும். இண்டிகேட்டரே வேண்டாம், இரண்டு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரை நல் மோடம் கேபிளால் இணைத்து, ஒருபுறமிருந்து பழைய லாக்கை ஓடவிட்டால் போதும். குறைந்தது 10 நிமிடம் ஓடட்டும், நடுவே கேபிளைப் பத்துத் தடவையாவது பிடுங்கிச் சொருகுங்கள். ஹேண்டில் டெலீட் வரிசை தப்பாக இருந்தால் அந்தப் பிடுங்கலில்தான் மாட்டும்.